குட்டி மாங்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், எனக்கு மட்டும் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிடும், மெதுவாக வீட்டுக்கு நழுவிவிடுவேன். அவர் போன பிறகு என் மூத்த நாத்தனார் "தம்பி கனவுல வந்தானா, என்னா சொன்னான்?" என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்பார்கள். கனவில்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் வராதவரை வந்தார் என்று எப்படிச் சொல்வது? அப்படிப்பட்டவள்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நம்பினால் சரி, நம்பாவிட்டாலும் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, எழுதலாம் என்று பார்த்தால் கையும் வரவில்லை, அவர் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். நெய்வேலியில் சுரங்கத்தில் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் சுற்றிச் சுற்றி வெட்டி எடுக்கிற பெரிய சக்கரம் வைத்த மிஷின் இருக்கிறது இல்லையா, அதில் ஆபரேட்டர். அந்த மிஷின் ஜெர்மனியில் செய்தது. அதைப் பாகம் பாகமாகப் பூட்டுவதற்கு அந்த ஊர் இன்ஜினியர் ஒருத்தர் வந்து தங்கியிருந்தார், இவர் அப்போது அவருக்குக் கையாளாக நின்றவர். அந்த வெள்ளைக்காரர் இவரிடம் ரொம்பப் பிரியமாக இருந்தாராம். அப்புறம் ஜெர்மனிக்கே போய் வேலை கற்றுக்கொண்டு வர ஆள் எடுத்தபோது இவர் பெயரும் இருந்தது. பாஸ்போர்ட் எடுத்தார். இரவல் கோட்டு போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார், கழுத்து தெரியாத அளவுக்குப் பெரிய கோட்டு. கடைசியில் வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள். "ஒருநாளு நாம ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார். சும்மா சொல்கிறார் என்று நான் சிரித்தேன்.

இப்போது சொல்லப்போவதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. கூச்சம்தான் காரணம்.

நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தபோது பின்பக்கம் ஒரு குழாய், அதை ஒட்டி ஒரு மாமரம். ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் முன்வாசல் வழியாக வரமாட்டார். உடம்பெல்லாம் பழுப்பு நிலக்கரித் தூசு, வீடு அழுக்காகும் என்று சைக்கிளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து குழாயடியில்தான் கால் வைப்பார். நான் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டோ துணி அலசிக்கொண்டோ இருப்பேன். பின்னால் வந்து நின்று, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தோளில் கை வைத்து, காதுக்கிட்டே மெல்லச் சொல்வார், "குட்டி மாங்கா" என்று.

அவ்வளவுதான். அப்புறம் சத்தமாக, "தண்ணி வச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டு கை கால் கழுவப் போய்விடுவார்.

என் மகன் செந்தில் வயிற்றில் இருந்தபோது அந்த மரத்துப் பிஞ்சை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நான் தின்றது கொஞ்சநஞ்சமில்லை. அதோடு நான் குள்ளம், உருண்டையாகவும் இருப்பேன். அதனால்தான் இப்படிக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பெயர் சொல்லி அவரும் கூப்பிட மாட்டார், நாலு பேர் எதிரே "இந்தா" என்பார். இந்தக் குட்டி மாங்கா எனக்கு மட்டும் என்று ஒரு பெயர். அதற்கு நான் பதில் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்ததும் இல்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பக்கெட்டுத் தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பேன். அவர் யூனிபாரத்தை அலசின தண்ணீர், டிக்காஷன் மாதிரி இருக்கும். அதில் என் மூஞ்சி தெரியும். அவருக்கு அதுவே போதும் போல, அடுத்த நாளும் வந்து சொல்வார். கடைசி வரைக்கும் சொன்னார். ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் சொன்னார். ஆஸ்பத்திரியில் வாய் குழறும்போதும் சொன்னார்.

அவர் போய் வருஷம் திரும்பிய பிறகு செந்திலும் என் மகள் கலாவும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். அவன் சென்னையில் இருக்கிறான், அவள் பெங்களூரு. இரண்டு பேருக்கும் தலை நரைக்கிற வயதுதான். "அப்பா பாக்காத ஊரை அம்மாவாவது பாக்கட்டும்" என்று லீவு போட்டு என்னை ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பக்கத்திலிருக்கிற சேத்தியாத்தோப்புக்கு பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும்.

"நீ வாந்தி எடுத்தா பிளேன்ல பை குடுப்பாங்கம்மா, பஸ் மாதிரி ஜன்னல் சீட்டுக்கு சண்ட போட வேணாம்" என்றான் செந்தில்.

புடவைக்கு மேலே சந்தனக் கலரில் ஒரு ஸ்வெட்டர், காலில் சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும். கண்ணாடியில் பார்த்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அந்த ஸ்வெட்டரை கலா புதிதாக வாங்கிக் கொடுத்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஓட்டல் லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு வயதானவர் நாயைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறினவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, நம்ப மாட்டீர்கள், "குட்டி மாங்கா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கலா முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். லிப்டை விட்டு வெளியே வந்தால் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அதையே சொல்கிறாள். சாப்பிடப் போனால் தட்டு எடுத்து வைக்கிற பையனும் சொல்கிறான், தரை துடைக்கிற அம்மாவும் சொல்கிறாள். ஊரே என்னைக் குட்டி மாங்கா, குட்டி மாங்கா என்கிறது. இவர்களுக்கு யார் சொன்னது? அவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லையே. சரி, இதுதான் அமானுஷ்யம் என்று நினைத்துவிடாதீர்கள், இது இல்லை.

உட்கார்ந்ததும் கலாவிடம் குனிந்து கேட்டேன். "ஏம்மா, லிப்ட்ல நாய் புடிச்சிக்கினு வந்தாரே, அவரு என்னப் பாத்து என்னா சொன்னாரு?"

"குட் மார்னிங் சொன்னாரும்மா. இவங்க பாஷையில குட்டன் மார்கன். நீயும் அதையே திருப்பிச் சொல்லலாம்."

"அம்மாவா? சொல்லிட்டுதான் மறுவேல பாக்கும்" என்றான் செந்தில். "பால்காரர்கிட்டயே முந்தானைய வாயில வச்சிக்கினுதான் பேசும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுபோன இட்லிப் பொடியை ரொட்டியில் தடவி வைத்திருந்தேன், அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த இன்ஜினியர் காலையில் இவரைப் பார்த்ததும் சொல்லியிருப்பார். இவர் கற்றுக்கொண்டு வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். குட் மார்னிங். ஆபீசில் வாட்ச்மேனுக்குச் சொல்கிறார்களே, அது. நான் அதை எனக்கு என்று வைத்த பெயராக நினைத்து இத்தனை வருஷம் பக்கெட்டுத் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாலி, தோடு எல்லாம் அவரவர் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. இது ஒன்றுதான் வேறு யாரிடமும் இல்லாதது என்று இருந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள். எனக்கு அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் மூன்று, நாலு நாள் எங்கெங்கோ அழைத்துக்கொண்டு போனார்கள். பெரிய சர்ச்சு, ஆற்றில் படகு, பொம்மைக் கடை. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலையில் மட்டுமா சொன்னார்? நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது காலை, சரி. முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வருவாரே, அப்போதும் சொல்வாரே. ரிடையர் ஆன பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் கடைத்தெருவிலிருந்து வந்தும் சொல்வாரே.

காரில் போகும்போது மெதுவாகக் கேட்டேன். "கலா, இவங்க சாயங்காலத்துலயும் அதையேதான் சொல்லுவாங்களா?"

"எதைம்மா?"

"அதான், காலையில சொல்றாங்களே."

"சாயங்காலம்னா வேறம்மா. குட்டன் ஆபன்ட். ஏன், யாருக்கு சொல்லப் போற?"

"யாருக்கும் இல்ல. சும்மா கேட்டேன்."

அது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் எல்லா நேரத்துக்கும் ஒரே வணக்கம் என்று நினைத்துக்கொண்டு சொன்னாரா? கேட்க வேண்டிய ஆள் இல்லை. இருந்தபோது எத்தனையோ நாள் இருந்தது, திரும்பி "அப்புடின்னா என்னாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் செந்தில் ஒரு இடத்துக்கு அழைத்துப் போனான். எங்கே என்று சொல்லவில்லை. வழியில் ஒரு கிராமம், ஆளே இல்லை, ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தது. எங்கள் பக்கத்திலும் சுரங்கத்துக்கு ஊரை எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் கிடக்கும். அதைப் பார்த்ததுமே சுரங்கத்துக்குத்தான் போகிறோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கார் நின்ற இடத்தில் ஒரு மேடு, கம்பி வேலி, சில பெஞ்சுகள். வேலிக்கு அந்தப் பக்கம் பூமியே இல்லை, பெரிய பள்ளம், படிப்படியாகக் கீழே இறங்கிப் போகிறது. அடியில், தீப்பெட்டி மாதிரி ஒரு மிஷின், அதில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பாவோட மிஷின்மா" என்றான் செந்தில். அந்த வயதிலும் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கலா அவன் முதுகில் ஒரு அடி அடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது, வெளிச்சம் நன்றாக இருந்தது. ரொம்பக் குளிர். எனக்குச் சூடாக ஏதாவது வாங்கி வருகிறோம் என்று இரண்டு பேரும் கார் நின்ற பக்கம் காபி வண்டிக்குப் போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேறு யாரும் இல்லை. இதை நான் நன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் வேற்று ஆள் யாராவது வந்து மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடப் போகிறார்களே என்று எனக்குப் பயம்.

பள்ளத்திலிருந்து காற்று வந்தது. அதில் அந்த வாசனை. புதிதாக வெட்டின பழுப்பு நிலக்கரிக்கு ஒரு வாசனை உண்டு, ஈர மண்ணும் அணைத்த விறகும் சேர்ந்த மாதிரி. அவர் யூனிபாரத்தில் இருக்கும். அவர் போன பிறகு எத்தனையோ பழைய துணியை மோந்து பார்த்திருக்கிறேன், வெறும் சோப்புதான் வீசும். அங்கே, அத்தனை தூரத்தில், அப்படியே வந்தது.

என்ன தோன்றியதோ, இத்தனை வருஷம் சொல்லாத பதிலை அப்போது சொன்னேன். கலா சொல்லிக்கொடுத்த மாதிரியே, பிழையில்லாமல், எனக்கே கேட்காத குரலில், "குட்டன் மார்கன்" என்றேன்.

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. கனம் தெரிந்தது, சூடும் தெரிந்தது. காதுக்கிட்டே, அதே மெல்லிய குரல், அதே அவசரம், யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி.

"அது இல்ல. குட்டி மாங்கா."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. இங்கேதான் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பவில்லை. பழக்கம். உடம்புக்கு வேறு தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, மடியிலிருந்த கைகளைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம்தான், ஐயோ, இன்றைக்காவது திரும்ப வேண்டுமே என்று நினைவு வந்து திரும்பினேன்.

பெஞ்சுக்குப் பின்னால் புல்லுதான் இருந்தது. தூரத்தில் காபி வண்டி, என் பிள்ளைகள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லை.

இந்த ஒரு திரும்புதலை நினைக்காத நாள் இல்லை. கொஞ்சம் முன்னால் திரும்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். வயதான முகமா, சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த அந்த நாள் முகமா, அதாவது தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் காபியோடு வந்தார்கள். கலா கொடுக்கும்போது, "என்னாம்மா தோள்ல, கறை?" என்றாள்.

சந்தனக் கலர் ஸ்வெட்டரில் வலது தோள் மட்டும் பழுப்பாக இருந்தது. கலா ஈரக் காகிதத்தால் துடைத்தாள், காகிதமும் பழுப்பானது. "காத்துல தூசு அடிச்சிருக்கும், மைன்ஸ் பக்கம்தான" என்றான் செந்தில். அவன் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தான். நான் காபியைக் குடித்தேன். கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னாம்மா தனியா உக்காந்து சிரிக்கிற?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. உங்கப்பா மிஷினு நல்லா சுத்துது" என்றேன்.

ஓட்டலுக்குத் திரும்பியபோது லிப்டில் அந்த நாய்க்காரர் மறுபடி ஏறினார். குட்டன் ஆபன்ட் என்றார் போல. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். செந்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நாய்க்காரர் சொன்னது வெறும் வணக்கம்தான், அதை யாருக்கு வேண்டுமானாலும் நான் தைரியமாகச் சொல்லலாம். என்னுடையது வேறு, அது எனக்கு அன்றைக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

மனதில் இருந்த ஆசைதான் காதில் கேட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பல நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஸ்வெட்டரை என்ன செய்வது?

ஊருக்கு வந்து பின்பக்கக் குழாயடியில் அதை ஊறப்போட்டு அலசினேன். தண்ணீர் டிக்காஷன் மாதிரி வந்தது, அவர் யூனிபாரம் அலசின அதே பழுப்பு. சரி, தூசு. மறுபடி அலசினேன், அதே பழுப்பு. அடுத்த வாரம் அலசினேன். மழைக்காலம் வந்தது, பொங்கலும் போயிற்று, எப்போது நனைத்தாலும் அந்தத் தோளிலிருந்து பழுப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே பார்த்தால் கறையே இல்லை, சந்தனக் கலர் சுத்தமாக இருக்கிறது. எங்கள் வெயிலுக்கு அதைப் போட்டுக்கொள்ள வழியில்லை, அழுக்காக வாய்ப்பே இல்லை. அழுக்குக்காக நான் துவைக்கவும் இல்லை. கலா வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "சாயம் போவுதும்மா, தூக்கிப் போடு, வேற வாங்கித் தரேன்" என்றாள். சாயம் போனால் துணி வெளுக்க வேண்டாமா?

துவைக்கும்போது பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் சட்டென்று திரும்பிவிடுகிறேன். பூனைதான் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பக்கெட்டைப் பார்த்தால் அந்தத் தண்ணீரில் என் மூஞ்சி தெரியும், அந்தக் காலத்தில் தெரிந்த மாதிரியே.

போன வாரம் அலசினபோது தண்ணீர் கொஞ்சம் தெளிந்து வந்தது. பக்கெட்டின் அடி தெரிந்தது. பிழியாமல் அப்படியே தூக்கி நிழலில் உலர்த்தி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டேன். இனி அதை நான் நனைக்கப் போவதில்லை.